பழைய ஜப்பானிய வாள்கள்: அடையாளம் காண்பதும் சேகரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய வாள் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது "யார் செய்தது?" என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்க வேண்டும். முதலில் வடிவம், அடுத்து எஃகு, பிறகு தோய்ச்சல் (காய்ச்சிய அலகைத் தண்ணீரில் நனைத்துக் கடினமாக்கிய விதம்), அதற்குப் பிறகே பெயர். ஜப்பானிய நிபுணர்களும் இந்த வரிசையில்தான் வாளைப் படிக்கிறார்கள். கீழே உள்ள பதில்களும் ஏறக்குறைய அதையே பின்பற்றுகின்றன.

வீட்டுப் பரணில் ஒரு ஜப்பானிய வாள் கிடைத்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் தேய்க்காதீர்கள். உப்புத்தாள், பித்தளை பாலிஷ், புளி, எலுமிச்சை, சாணைக்கல் எதுவும் அதன் அருகில் போகக் கூடாது. நானூறு ஆண்டுகள் தாங்கிய ஒரு வாள் அரை மணி நேரத் தேய்ப்பில் வீணாகிவிடும். இப்படி வீணான வாள்கள் ஏராளம். அலகின் மேல் மெல்லிய கனிம எண்ணெய் ஒரு படலம் தடவுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். பிறகு நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். உறையின் மேல் சீட்டோ மரத்துண்டோ துணியோ கட்டியிருந்தால் அதை அவிழ்க்க வேண்டாம். அதில் ஜப்பான் சரணடைந்த 1945-இல் வாளை ஒப்படைத்த அதிகாரியின் பெயர் இருக்கலாம்.

அலகை வெறும் கையால் தொட வேண்டாம். விரலின் வியர்வையில் உள்ள உப்பு சில நாள்களிலேயே விரல்ரேகை வடிவில் துருவை உண்டாக்கும்.

கைப்பிடியைக் கழற்றாமல் அடையாளம் காண முடியாதா?

முடியாது. வாளைப் பற்றிய செய்தியில் பாதிக்கு மேல் கைப்பிடிக்குள் மறைந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு ஜப்பானியத்தில் நககோ என்று பெயர். இங்கே அதைக் காம்பு என்று சொல்வோம்.

கைப்பிடியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெகுகி என்ற மூங்கில் ஆணி ஓடும். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையில் மரக்குச்சி அல்லது பித்தளைக் கம்பி வைத்து மெல்லத் தட்டினால் தடித்த பக்கமாக வெளியே வரும். ஆணியை எடுத்ததும் உறையை உருவி விடுங்கள். இடது கையால் கைப்பிடியின் கடைப்பகுதியைப் பிடித்து, நுனி மேலே இருக்க, வெட்டுவாய் உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்க, வாளைச் சற்றே சாய்த்து நிறுத்துங்கள். வலது முட்டியால் இடது மணிக்கட்டின் மேல் மெதுவாகக் குத்துங்கள். அந்த அதிர்வில் காம்பு சிறிது சிறிதாக மேலெழும். தளர்ந்ததும், அலகின் அடியில் பட்டை போல் சுற்றியிருக்கும் ஹபாகி என்ற உலோகக் கவசத்தைத் துணியோடு பிடித்து மேலே தூக்கலாம்.

பல ஆண்டுகள் கழற்றாத வாள் இறுகியிருக்கும். அப்போது கைக்காப்புத் தட்டின் மேல் சுத்தியலால் அடிப்பது பெரிய பிழை. தட்டு வளையும், அதன் வேலைப்பாடு கெடும். அலகின் இரு புறமும் பொருந்தும்படி பள்ளம் வெட்டிய மரக்கட்டையைத் தட்டின் மேல் வைத்து, அந்தக் கட்டையைத் தட்ட வேண்டும். ராணுவ வாள்களில் இரண்டு ஆணிகள் இருக்கலாம், ஒன்று திருகாணியாகவும் இருக்கலாம். இரண்டையும் கழற்றியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காம்பில் எதைப் பார்க்க வேண்டும்?

துருவைத்தான். காம்பில் உள்ள துருதான் வாளின் வயதுச் சான்று. அதனால்தான் அதை ஒருபோதும் சுத்தம் செய்வதில்லை. துருவை நீக்கிய காம்போடு வரும் வாளின் மதிப்பு பெரிதும் சரிந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை.

ஐந்தாறு நூற்றாண்டு பழமையான காம்பில் துரு கிட்டத்தட்டக் கருநிறமாக, வழவழப்பாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். 17, 18-ஆம் நூற்றாண்டு வாளில் அது கரும்பழுப்பு. இரண்டாம் உலகப் போர்க்கால வாளில் மேற்பரப்பு சாம்பல் நிறத்தில், அங்கங்கே செம்பழுப்புப் படர்ந்து, உலோகம் இன்னும் தெரியும்படி இருக்கும். அமிலம் ஊற்றிச் செயற்கையாகத் துருவேற்றியதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. சொரசொரப்பாக, குழிகுழியாக இருக்கும், செம்மஞ்சள் பொடி கையில் ஒட்டும்.

அடுத்து அரத்தின் கோடுகள். கைப்பிடி வழுக்காமல் இருக்கக் காம்பின் மேல் அரத்தால் கோடு இழுப்பார்கள். கோடுகள் கிடையாக ஓடுகின்றனவா, சாய்வாகவா, எந்தக் கோணத்தில் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். காம்பின் கடைமுனையின் வடிவமும் அப்படித்தான்.

பிறகு துளைகள். ஒரே துளை என்றால் காம்பு பெரும்பாலும் மாற்றப்படாதது. இரண்டு மூன்று துளைகள் இருந்தால் பெரும்பாலும் வாளைக் குறுக்கியிருப்பார்கள். குறுக்குவது எப்போதும் காம்புப் பக்கமிருந்துதான், நுனியிலிருந்து அல்ல. குதிரை மேலிருந்து வீசிய நீண்ட தாச்சி வாள்களைப் பிற்காலத்தில் இடுப்பில் செருகும் அளவுக்குக் குறுக்கியபோது, அடியில் இருந்த கையொப்பம் வெட்டுப்பட்டுப் போனது. ஆகவே கையொப்பம் இல்லாதது குறையே அல்ல. உச்சத் தரமுள்ள வாள்களில் பல இப்படிப் பெயரிழந்தவை.

அளவை எப்படி எடுப்பது? கட்டானா, வாக்கிசாஷி என்று பிரிப்பது எதை வைத்து?

நுனியிலிருந்து, முதுகுப்பக்கம் காம்பு தொடங்கும் இடத்தில் உள்ள வெட்டு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவைத் தொடர்ந்து அளக்கக் கூடாது, காம்பையும் சேர்க்கக் கூடாது. ஜப்பானிய அளவான ஒரு ஷாக்கு 30.3 செ.மீ. அதற்குக் குறைவானது தாந்தோ. 30.3 முதல் 60.6 செ.மீ. வரை வாக்கிசாஷி. அதற்கு மேல் கட்டானா அல்லது தாச்சி. அதே நேர்கோட்டிலிருந்து முதுகு எவ்வளவு ஆழம் விலகுகிறது என்பதே வளைவின் அளவு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாச்சியை வெட்டுவாய் கீழ்நோக்கித் தொங்கவிடுவார்கள். கட்டானாவை வெட்டுவாய் மேல்நோக்கி இடுப்புத்துணியில் செருகுவார்கள். அணியும்போது வெளியே தெரியும் பக்கத்தில் கையொப்பமிடுவது வழக்கம். நுனியை மேலே வைத்துக் கையொப்பத்தை நேராகப் பாருங்கள். வெட்டுவாய் வலப்பக்கம் இருந்தால் தாச்சி, இடப்பக்கம் இருந்தால் கட்டானா. இதற்கு விலக்கும் உண்டு. ஹிசென் நாட்டின் (நாடு என்பது இங்கே ஜப்பானின் பழைய மாகாணம்) தாதாயோஷி என்ற கொல்லரின் வழியினர் கட்டானாவிலும் தாச்சிப் பக்கத்திலேயே பெயர் வெட்டினார்கள்.

வடிவத்தைப் பார்த்துக் காலத்தைச் சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும். வாளின் வடிவம் அந்தந்தக் காலத்துப் போர்முறையைப் பின்பற்றி மாறியது.

12, 13-ஆம் நூற்றாண்டுத் தாச்சிகளில் வளைவு கைப்பிடியை ஒட்டி ஆழமாக இருக்கும். மேலே போகப் போக அலகு மெலிந்து சின்ன நுனியில் முடியும். 14-ஆம் நூற்றாண்டில், ஜப்பானில் இரண்டு அரசவைகள் மோதிய காலத்தில், வாள்கள் பெரிதாகின. அகன்ற, மெல்லிய அலகு, மிக நீண்ட நுனி, 90 செ.மீ.யைத் தாண்டும் நீளம். 16-ஆம் நூற்றாண்டில் காலாட்படைப் போர் மிகுந்தபோது ஒற்றைக்கையால் உருவி வெட்டும் குட்டையான வாள்கள் வந்தன. அவற்றின் காம்பும் குட்டை, வளைவு நுனிப்பக்கம் நகர்ந்திருக்கும்.

1596-க்கு முந்தியவற்றைக் கோத்தோ, அதாவது பழைய வாள் என்கிறார்கள். அதன் பின் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஷிந்தோ. அதற்கும் பின், 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்த ஆணை வரை ஷின்ஷிந்தோ. ஷிந்தோவில் எளிதாக அடையாளம் தெரிவது 1661–1673 கான்புன் ஆண்டுகளின் வாள். கிட்டத்தட்ட நேராக இருக்கும், அடியிலிருந்து நுனிக்கு நன்றாக மெலியும். ஷின்ஷிந்தோவில்தான் சிக்கல். அந்தக் காலக் கொல்லர்கள் 14-ஆம் நூற்றாண்டு வடிவங்களை விரும்பிப் பின்பற்றினார்கள். பெரிய அலகும் நீண்ட நுனியும் இருந்து, வாள் கையில் கனத்து, காம்பில் துளை ஒன்றே ஒன்று இருந்தால், அது 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். உண்மையான பழைய பெருவாள் பெரும்பாலும் குறுக்கப்பட்டிருக்கும், பலமுறை மெருகிட்டுத் தேய்ந்து மெலிந்தும் இருக்கும்.

ஹாமோன் என்பது என்ன? அது உண்மையா போலியா என்று எப்படித் தெரியும்?

தோய்ச்சலுக்கு முன் கொல்லர் அலகின் மேல் களிமண் கலவை பூசுகிறார், முதுகில் தடிப்பாக, வெட்டுவாயில் மெல்லியதாக. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது மெல்லிய பூச்சுள்ள வாய்ப்பகுதி சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது. தடித்த பூச்சுள்ள முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளையும் தன்மையோடு நிற்கிறது. இந்த இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹாமோன். அது வெறும் கோடல்ல. அந்த எல்லையில் கடினப் படிகங்கள் உருவாகின்றன. கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளிகளாக மின்னினால் நியே, பனிமூட்டம் போல் தெரிந்தால் நியோய்.

பார்க்கும் முறை முக்கியம். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு குண்டு பல்பை மட்டும் எரிய விடுங்கள். டியூப்லைட் பயன்படாது, அதன் பரந்த ஒளியில் ஒன்றும் தெரியாது. வாளைக் கண்மட்டத்தில் பல்பை நோக்கி நீட்டி, பல்பின் பிரதிபலிப்பு அலகில் விழும் இடத்துக்குச் சற்று அருகே பாருங்கள். வாளை மெல்ல ஏற்றி இறக்கினால் ஒளியின் விளிம்பில் ஹாமோன் எழும்பி வரும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மெருகாளர் ஹாமோனின் மேல் மெல்லிய கல்சில்லுகளால் தேய்த்து வெண்மையாக்கியிருப்பார். அந்த வெண்பட்டை ஹாமோனின் தோராயமான வடிவமே. உண்மையான எல்லை அதற்குள் வேறு நெளிவுகளோடு ஓடும், விளக்கொளியில் மட்டுமே தெரியும். புகைப்படத்தில் தெரியும் வெண்பட்டையை வைத்து வாங்காதீர்கள்.

அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ போட்ட போலி ஹாமோன் எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதில் நியே இருக்காது. மலிவான புதிய போலிகளில் அலகு முழுவதும் கறுப்பு வெள்ளை அலைகள் பளிச்சென்று தெரியும். உண்மையான வாளில் மடித்து அடித்த எஃகின் ரேகை, அதாவது ஹாதா, மிக மென்மையானது. அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மரப்பலகையின் இழை போல அது வட்டமாகவோ அலையாகவோ நேராகவோ ஓடும். யாமாத்தோ நாட்டு வழியில் நேரிழை மிகுதி. இப்படி நாட்டுக்கு நாடு வேறுபட்ட ஐந்து மரபுகள் உண்டு: யாமாத்தோ, யாமாஷிரோ, பிசென், சோஷு, மினோ. பெரும்பாலான பழைய வாள்களை இவற்றில் ஒன்றிலோ, இவற்றின் கலப்பிலோ வைக்கலாம்.

ராணுவ உறையில் இருக்கும் வாள் என்றால் மதிப்பில்லாததுதானே?

உறையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1934, 1938-ஆம் ஆண்டுகளின் அதிகாரிகள் வாள் வடிவங்களில் பெரும்பாலும் போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த அலகுகள்தான் உள்ளன. ஆனால் சில அதிகாரிகள் தங்கள் குடும்பத்தின் பழைய வாளையே ராணுவ உறைக்குள் பொருத்திப் போருக்கு எடுத்துச் சென்றார்கள். கைப்பிடியின் கடைக்குமிழில் வெள்ளியில் குடும்ப முத்திரை பதித்திருந்தால் உள்ளே இருப்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

1945-இல் பர்மா, மலாயா, சிங்கப்பூரில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் வாள்களை ஒப்படைக்க வேண்டும் என்பது மவுண்ட்பேட்டனின் கட்டளை. பிரிட்டிஷ் இந்தியப் படையினர் வழியாகச் சில வாள்கள் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

காம்பில் சிறிய முத்திரைகளைத் தேடுங்கள். சக்குரா பூவுக்குள் "ஷோ" எழுத்து, அல்லது செக்கி ஊரின் முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெயில் தோய்த்த, மரபு முறையில் செய்யாத அலகு. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் வேறு கதை. அது ராணுவம் அங்கீகரித்த கொல்லர் மரபு முறையில் செய்தது, சேகரிப்போர் விரும்புவது. காம்பில் வண்ணத்தில் எழுதிய எண்கள் இருந்தால் அழிக்க வேண்டாம், அவையும் சான்றுதான்.

1935-ஆம் ஆண்டின் கீழ்நிலை அதிகாரி வாள் முழுக்க இயந்திரத்தில் செய்தது. உலோகத்தில் வார்த்த கைப்பிடியில் துணி சுற்றியது போல் உருவம், அலகில் நீண்ட பள்ளம், ஹபாகிக்கு அருகே வரிசை எண். வரலாற்றுப் பொருளாக அதற்கு மதிப்பு உண்டு, கலைப்பொருளாக இல்லை. இதற்கும் போலிகள் ஏராளம்.

காம்பில் மாசாமுனே, கோத்தெட்சு என்று பெரிய பெயர் வெட்டியிருக்கிறது. உண்மையாக இருக்குமா?

முதலில் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொய்க் கையொப்பம் நம் காலத்துச் சரக்கல்ல, பல நூற்றாண்டுகளாகவே நடந்துவருவது. பிரபு வீட்டுக்குப் பரிசளிக்கவும் விற்கவும் நல்ல வாள்களில்கூடப் புகழ்பெற்ற பெயரை வெட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் எதோ நகரில் (இன்றைய தோக்கியோ) வாழ்ந்த நாகாசோனே கோத்தெட்சுவின் பெயரில் போலி மிக அதிகம். மாசாமுனே தன் வாள்களில் பெயர் வெட்டியதே மிக அரிது. அவருடையவை என ஏற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை கையொப்பமற்றவை.

பெயரை வாளோடு ஒப்பிட வேண்டும், வாளைப் பெயரோடு அல்ல. வடிவம் 17-ஆம் நூற்றாண்டைக் காட்டும்போது பெயர் 14-ஆம் நூற்றாண்டினுடையதாக இருந்தால், பெயர் தோற்றது. உளி வெட்டிய பள்ளத்துக்குள் துரு வெளியில் உள்ள அதே நிறத்தில், அதே அடர்த்தியில் இருக்க வேண்டும். பள்ளம் மட்டும் வெளிறியிருந்தால், அல்லது வெட்டின் விளிம்பு இன்னும் கூராக நின்றால் அது பிற்காலத்தில் சேர்த்தது. எழுத்தின் நடுங்கலும் தயக்கமும்கூடக் காட்டிக்கொடுக்கும். கொல்லர் தன் பெயரை வாழ்நாளெல்லாம் வெட்டியவர், அவர் உளி தயங்காது.

பெயர் உண்மையாக இருந்தாலும் எல்லாமே உயர்தரம் அல்ல. பிசென் நாட்டு ஓசாஃபுனேயில் 16-ஆம் நூற்றாண்டில் சுகேசாதா என்ற பெயரில் படைகளுக்காகக் கூட்டம் கூட்டமாக வாள்கள் செய்தார்கள். அவற்றில் நாட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் சுகேசாதாவும் மட்டும் இருக்கும். தனிப்பட்ட ஒருவர் கேட்டுச் செய்த நல்ல வாளில் யோசோசாஎமோன் என்பது போல் கொல்லரின் தனிப்பெயரும் சேரும். சிறந்தது இதுதான்.

மறுபக்கத்தில் தேதி இருந்தால் அது சகாப்தப் பெயர், ஆண்டு, மாதம் என்ற வரிசையில் வரும். பழைய வாள்களில் இரண்டாம் மாதமும் எட்டாம் மாதமும் திரும்பத் திரும்ப வரும், அது மரபு. ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். ஷோவா 17 என்றால் 1942.

எந்தக் குறை இருந்தால் வாங்கவே கூடாது?

ஹகிரே. வெட்டுவாயில் தொடங்கி அதற்குச் செங்குத்தாக ஹாமோனுக்குள் ஏறும் மயிரிழைப் பிளவு அது. விளக்கொளியில் மெல்லிய கருங்கோடாகத் தெரியும், மெருகில் சில சமயம் மறைந்துகொள்ளும். வளைந்து மீண்டும் நிமிர்த்திய வாளிலும், வாயில் பெரிய சிதைவு உள்ள இடத்திலும் குறிப்பாகத் தேடுங்கள். இது உயிர்க்குறை, சரிசெய்ய வழியில்லை.

நுனியில் ஹாமோன் திரும்பி ஓடும் பகுதிக்குப் போஷி என்று பெயர். நுனி ஒடிந்து, திரும்ப வடித்ததில் போஷி போய்விட்டிருந்தால் அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். தீயில் எரிந்து ஹாமோனை இழந்த வாளை மறுபடி தோய்த்திருந்தால், வெட்டுவாய் தொடங்கும் இடத்திலிருந்து வெளிறிய நிழல் ஒன்று சாய்வாக எழும்பும். அது சந்தேகத்துக்குரிய அறிகுறி. ஆனால் ஹோரிக்காவா குனிஹிரோ என்ற கொல்லரின் வாள்களில் இந்த நிழல் இயல்பாகவே வரும். ஆக இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சின்னச் சின்ன வாய்ச்சிதைவுகள், மேலோட்டமான துருப்புள்ளிகள், திறந்த மடிப்புகள் இவையெல்லாம் விலையைக் குறைக்கும், வாளைக் கொல்லாது.

சான்றிதழ்கள் பலவிதமாக இருக்கின்றனவே?

இரண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் மாகாணக் கல்விக்குழு தரும் பதிவுச் சீட்டு வாளை வைத்திருப்பதற்கான சட்டத் தாள் மட்டுமே. அதில் நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, காம்பில் வெட்டியிருக்கும் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் அந்தப் பெயர் உண்மை என்று அது சொல்வதில்லை. விற்பவர் அதைக் காட்டி "அரசாங்கமே ஒப்புக்கொண்டது" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

தரச்சான்று தருவது வேறு அமைப்பு. 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், என்பிடிஹெச்கே, அதில் முதன்மையானது. 1982 முதல் அதன் அடிப்படைப் படிகள் ஹோசோன், தோக்குபெட்சு ஹோசோன். மேலே ஜூயோ, அதற்கும் மேலே தோக்குபெட்சு ஜூயோ. 1982-க்கு முந்திய கிச்சோ தாள்களில், குறிப்பாகப் பச்சைத் தாள்களில், நம்பிக்கைக் குறைவு உண்டு. பெரிய பெயரோடு பச்சைத் தாள் மட்டும் வந்தால், ஏன் யாரும் அதைப் புதிதாகச் சமர்ப்பிக்கவில்லை என்று கேளுங்கள்.

மெருகிட்டால் மதிப்பு கூடுமா? உள்ளூரில் செய்துகொள்ளலாமா?

உள்ளூர்ச் சாணையில் கூடவே கூடாது. முதுகுக்கும் வாய்க்கும் நடுவே ஓடும் மேட்டுக்கோடு, நுனியின் எல்லைக்கோடு எல்லாம் ஒரே நாளில் மழுங்கிப்போகும். முறையான மெருகு, ஒன்றன் பின் ஒன்றாகப் பல கற்களில் வாரக்கணக்கில் நடப்பது. அந்த வேலையைக் கற்கவே பத்தாண்டு போல ஆகிறது. ஒவ்வொரு மெருகும் எஃகைக் குறைக்கிறது. வெளி எஃகு தேய்ந்து உள்ளிருக்கும் மென்மையான எஃகு திட்டுத்திட்டாக வெளிப்பட்ட வாளை மீண்டும் மெருகிட முடியாது. ஆக முதலில் வாளின் தரம் தெரிய வேண்டும். பிறகே செலவு செய்யலாம். சிறு பகுதியில் மட்டும் சாளரம் போல் மெருகிட்டுப் பார்த்துச் சொல்லும்படி தேர்ந்த மெருகாளரைக் கேட்கலாம்.

ஜப்பானுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. மரபு முறையில் செய்யாத போர்க்கால அலகுகளை அங்கே பதிவு செய்ய மாட்டார்கள், பதிவாகாத வாள் திரும்பி வராது.

வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

பழைய எண்ணெயை மென்மையான, வாசனைப்பூச்சு இல்லாத காகிதத்தாலோ பருத்தித் துணியாலோ துடையுங்கள். முதுகுப்பக்கமிருந்து அலகைக் கவ்வி, அடியிலிருந்து நுனிப்பக்கமாக மட்டுமே இழுக்க வேண்டும். மிச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போக்கும். பிறகு இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் துணியில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தடவுங்கள். எண்ணெய் மிகுந்தால் உறைக்குள் ஊறித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவே அலகைக் கீறும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் சிக்குப்பிடித்து அமிலமாகும். பொட்டலமாக விற்கும் உச்சிக்கோ கல்பொடியும் ஒவ்வொரு முறையும் தேவையில்லை. அது மெல்லிய தேய்ப்பான். மலிவான பொடியில் கரடு கலந்திருந்தால் நல்ல மெருகில் கோடு விழும்.

கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறை உருவிப் பாருங்கள், வறண்ட இடங்களில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். அலகை நீண்ட நாள் வைக்க ஷிராசாயா என்ற பூச்சில்லாத வெறும் மர உறையே நல்லது. காம்புக்கு எண்ணெய் வேண்டாம், உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலே போதும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வாளும் ஆயுதம்தான். வெளிநாட்டிலிருந்து உரிமம் இல்லாமல் தருவிக்க முடியாது. இணையத்தில் பணம் கட்டிவிட்டுச் சுங்கத்தில் வாளை இழப்பதை விட, மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டி விசாரிப்பது மேல். ஜப்பானிலிருந்து வாங்கினால், ஏற்றுமதி அனுமதியை அங்குள்ள கலாச்சார விவகார முகமையிடமிருந்து விற்பவர் பெற்றுத் தர வேண்டும், பதிவுச் சீட்டை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதன் நகலை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டைத் தாண்டிய வாள் ஏற்கெனவே இங்கே இருந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

முதல் வாளாக எதை வாங்கலாம்?

ஹோசோன் தாளுள்ள, நல்ல மெருகில் இருக்கும் ஷிந்தோ வாக்கிசாஷி. கட்டானாவை விட விலை குறைவு, ஆனால் ஹாமோன், ஹாதா, காம்பு எல்லாம் கற்க அதுவே போதும். மெருகு போன பெரிய பெயரை வாங்காதீர்கள், அதில் கற்க ஒன்றும் தெரியாது. வாங்குவதற்கு முன் எத்தனை நல்ல வாள்களைப் பார்க்க முடியுமோ அத்தனையையும் பாருங்கள். தோக்கியோவின் ரியோகோக்குவில் என்பிடிஹெச்கே நடத்தும் வாள் அருங்காட்சியகம் அதற்கு நல்ல இடம். கண்ணாடிப் பேழை முன் முழங்காலை மடக்கிக் கண்ணை விளக்கின் பிரதிபலிப்புக்கு நேரே கொண்டு வந்தால்தான் நியே தெரியும். மற்றவர்கள் அப்படிக் குனிந்து பார்ப்பதையும் அங்கே காணலாம்.